கான்கிரீட்டுக்குச் சொதி

புராஜெக்ட் மேனேஜர் என்பவர் வேலை பார்க்க வேண்டியதில்லை என்று மனதார நம்பித்தான் நான் அந்தத் தொழிலுக்குப் போனேன். கல்லூரியில் படித்தபோது தாமிரபரணியில் ஒரு பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் வெயிலில் வெந்துகொண்டிருக்க, ஒருவர் மட்டும் குடைக்குக் கீழே நாற்காலி போட்டுப் பன்னீர் சோடா குடித்தபடி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டேன். புராஜெக்ட் மேனேஜர் என்றார்கள். என் எதிர்காலம் அங்கேயே தீர்மானமாகிவிட்டது.

அப்பாவுக்கு நான் பேங்க் பரீட்சை எழுத வேண்டும். "ஃபேனுக்குக் கீழ உக்காருத வேலைய விட்டுட்டு வெயில்ல போய் நிக்கப் போறியாக்கும்?" என்றார். குடை உண்டு என்று சொல்லிப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், முக்கூடல் பக்கம் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொண்டிருந்த ஒரு காண்ட்ராக்டர் அண்ணாச்சி என்னைச் சேர்த்துக்கொண்டார். அங்கே நாற்காலி ஒன்று இருந்தது. அதில் சிமெண்ட் மூட்டை உட்கார்ந்திருந்தது.

ஒருநாள் அண்ணாச்சி கூப்பிட்டார். "ஏலே, ஞாயித்துக்கெழம தூணுக்கு மேல தொட்டியோட அடித்தளம் போடுதோம். நான் டவுணுக்குப் போயிட்டு சாயங்காலந்தான் வருவேன். எல்லாம் நீதான் பாக்கணும். ஒழுங்கா முடிஞ்சா நீதான் மேனேஜர். பாதியில நின்னு தொட்டி ஒழுகுச்சு, பேசாம பேங்க் பரீட்சைக்குப் போயிரு."

மணல், ஜல்லி, கலவை மிஷினுக்கு டீசல், மழை வந்தால் மூடத் தார்ப்பாய் என்று கலர் பென்சிலால் சார்ட் போட்டேன். கான்கிரீட் அன்று ஆட்களுக்குச் சாப்பாடு நம் பொறுப்பு என்பதும் தெரியும். அதற்கும் பச்சை நிறத்தில் ஒரு கட்டம் போட்டேன்.

சனியன் அந்தப் பச்சைக் கட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தது. நான் சைவக் குடும்பம். விருந்தின் உச்சம் என்று எனக்குத் தெரிந்தது, கல்யாணத்துக்கு மறுநாள் போடும் சொதிதான்: பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வெளுத்த குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. சமையல்காரரிடம் ஆசை ஆசையாக அதையே சொல்லிவைத்தேன். கான்கிரீட் அன்று கறிச்சோறு போடுவதுதான் வழக்கமாம். அது யாரும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லையாம்.

மதியம், பாதித் தளம் முடிந்திருந்தது. சொதி வாளியைத் திறந்தோம். முப்பது பேரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். தலைமைக் கொத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இன்னிக்கு ஆருக்கு சார் திவசம்?"

பின்னாலிருந்து இன்னொரு குரல்: "பிள்ள பெத்தவளுக்கு வைக்க பத்தியக் கொழம்புலா இது!"

"சொதி. ரொம்ப நல்லாருக்கும்" என்றேன்.

"இதத் தின்னுட்டுக் கலவச் சட்டியத் தூக்குனா, சட்டிதான் சார் எங்களத் தூக்கும். கறி வரட்டும். பெறவு மிஷினப் போடுவோம்." எல்லாரும் வேப்பமரத்தடியில் சாய்ந்துவிட்டார்கள்.

மேலே தளம் வெயிலில் இறுகிக்கொண்டிருந்தது. பாதியில் இறுகினால் மீதிக் கலவை அதோடு ஒட்டாது. தொட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகி, ரோட்டைத் தாண்டி, நேராகப் பரீட்சை ஹாலுக்குள் ஓடுவது என் கண்ணுக்கே தெரிந்தது. மொபெட்டை எடுத்தேன். பின்னால் யாரோ கத்தினார்கள். நின்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

ஹோட்டல் ஹோட்டலாகக் கேட்டு அலைந்ததில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. கடைசியில் பக்கத்து ஊரில் ஒரு முஸ்லிம் கல்யாண வீட்டுப் பந்தல். வாழ்க்கையில் முதல்முறையாக பிரியாணி வாசனையைத் தேடி உள்ளே நுழைந்தேன். வாசலில் நின்ற பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ள வீடா? என்ன தம்பி இவ்வளவு லேட்டு?" என்று இழுத்துக்கொண்டுபோய் ஒரு சஹனில் உட்காரவைத்துவிட்டார். ஒரே பெரிய தட்டு, சுற்றிலும் நாலு பேர், நாலாவது ஆள் நான். குவித்த சோற்றின் உச்சியிலிருந்து ஓர் ஆட்டுத்தொடை என்னையே பார்த்தது.

"பாய், நான் மாப்பிள்ள வீடு இல்ல. நான் தண்ணித்தொட்டி."

மூன்று கைகளும் அந்தரத்தில் நின்றன.

"முப்பது பேருக்குப் பிரியாணி வேணும் பாய். இல்லேன்னா ஒழுகிரும்."

பெரியவர் என் நெற்றித் திருநீற்றையும் முழங்கால்வரை அப்பியிருந்த சிமெண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடுப்படியைப் பார்த்துக் கத்தினார்: "லேய், தொட்டிக்குப் பசிக்குதாம்லே! ஒரு தேக்சா இங்கன எடுத்துட்டு வா!" பந்தலே சிரித்தது. பிரியாணிச் சட்டியை ஆட்டோவில் ஏற்றி, பிடித்துக்கொள்ள ஓர் ஆளையும் கூடவே அனுப்பினார்.

திரும்பி வந்தால் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சொதி வாளி துடைத்துவைத்த மாதிரி கிடக்கிறது.

"வெளாட்டுக்குச் சொன்னா நெசமாவே பறந்துட்டியளே சார்!" என்றார் கொத்தனார். "கூப்பிட்டோம், காதுல விழல. அந்தால அதத் தின்னுட்டு அப்பமே ஆரம்பிச்சாச்சு."

"நல்லா இருந்துச்சா?"

"வயித்துக்குள்ள போனதே தெரியல. பிரியாணிய எறக்கச் சொல்லுங்க."

சாயங்காலம் வரவேண்டிய அண்ணாச்சி முன்னாலேயே வந்து சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். "பாத்தியளா, ஆளு அங்கன இங்கன போனாலும் வேல தன்னால ஓடுது! இப்படில்லா ஏற்பாடு பண்ணணும்!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் கலர் சார்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மீதித் தளத்தில் பெரும்பகுதி, நான் அங்கே இல்லாதபோது போட்டது. தொட்டி இன்றுவரை ஒழுகவில்லை. தளம் போட்ட மறுநாளே என்னை மேனேஜராக்கினார்கள்.