பாலம் ஏறாத காரும் பட்டு வேட்டி மாப்பிள்ளையும்

எங்கள் பழைய டீசல் கார் சமதளத்தில் சமர்த்தாக ஓடும்; பாலம் ஏறினால் திணறி நின்றுவிடும். என் தம்பி ரவிக்குக் கனத்த உடம்பு. அவன் ஏறினால்தான் நிற்கிறது என்பது என் கணவரின் கண்டுபிடிப்பு.

ரவிக்குப் பெண் பார்க்கத் தாம்பரத்திலிருந்து படப்பைக்குப் புறப்பட்டோம். ஊருக்குச் சற்று முன்னால் இருந்த பாலத்தில் கார் நின்றது.

"மச்சான், கொஞ்சம் இறங்கி நடந்து வாயேன்" என்றார் இவர்.

பட்டு வேட்டியோடு இறங்கினான். கார் ஏறியது. நிறுத்தினால் மறுபடி கிளம்பாதென்று பயந்து, இவர் நேராகப் பெண் வீட்டு வாசலுக்கே ஓட்டிவிட்டார். ரவியின் செல்போனும் காரிலேயே இருந்தது.

"மாப்பிள்ளை எங்க?" என்று பெண்ணின் அம்மா கேட்டார். அப்போது கடைக்குப் போயிருந்த பெண்ணின் அப்பா மொபெட்டில் வந்து இறங்கினார். பின்னால் வியர்த்து வழிந்தபடி ரவி!

"பாவம், பாலத்துல நடந்துகினு இருந்தாரு. நம்ம தெருவுக்குத்தான்னாரு, ஏத்திகினு வந்தேன்" என்றார்.

வேறு வழியின்றி நடந்ததைச் சொன்னோம். டிராக்டர் வைத்திருப்பவர் அவர். விழுந்து விழுந்து சிரித்தார்.

"மேடு ஏறசொல்ல மட்டும் நிக்குதுன்னா இன்ஜினுக்கு டீசல் பத்தல. பம்ப் வீக்கு. நீங்க பம்ப்ப மாத்துங்க, நான் மாப்பிள்ளைய மாத்தல!"

இப்போதெல்லாம் கார் லேசாகத் திணறினாலும் நேரே மெக்கானிக்கிடம்தான் போகிறோம். புது பம்ப் போட்டாயிற்று. ஆனாலும் பாலம் வந்தால் ரவியின் கை தானாகக் கார் கதவைத் தேடுகிறது.