கிழிந்துபோன கடைசிப் பக்கங்கள்

பள்ளிக்கூட நாட்களில் உருகி உருகி வாசித்த காதல் நாவலை இன்று முசலிக்குப் போகும் பஸ்ஸில் மறுபடியும் விரித்தேன்.

பக்கத்தில் இருந்த அக்கா அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தங்கச்சி, கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்தவங்களோ?"

இடம்பெயர்ந்து புத்தளம் முகாமில் இருந்த காலத்தில் இதே நாவலை வாசித்தாராம். அந்தப் புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தனவாம்.

"பிறகு என்ன செய்தனீங்கள்?"

"நாங்கள் கூட்டாளிமார் எல்லாரும் இருந்து கதைச்சு, கலியாணத்தைக் கட்டி வச்சிட்டம். சாப்பாடு பிரியாணி."

கதையில் அவர்கள் பிரிந்துவிடுகிறார்கள். பதினாறு வயதில் அதற்காக இரண்டு நாள் அழுதிருக்கிறேன்.

"ஓம் அக்கா, சேர்ந்திட்டினம்" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்று சிரித்தபடி இறங்கிப் போனார்.

இந்த நாவலை வாசித்தவர்கள், அந்த அக்காவைக் கண்டால் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்.