துரை வீட்டு மோர்ச்சோறு

என் கணவர் பிறக்கிராசி. கோட்டில் வாதாடுகிற மனுஷனுக்குப் புத்தி இருக்கும் என்று, அந்தச் சித்திரை மாத நாய்க் கண்காட்சி வரைக்கும் நானும் நம்பியிருந்தேன்.

எங்கள் சீமை நாய் என் கையால் மோர்ச்சோறு தின்று வளர்ந்தது. எந்த வெயிலிலும் அதன் வயிறு கெட்டதில்லை. கண்காட்சியன்று காலையில் இவருக்கு வெட்கம் வந்துவிட்டது.

“துரைமார் பாக்கப்போற நாய். சோறு போடாதையும், இறைச்சிதான் போடவேணும்.”

“இந்த வெக்கைக்கு வேறை என்ன தாங்கும்?”

“உமக்கென்ன தெரியும்? பேசாமல் இரும்.”

மாட்டிறைச்சி வாசல் படலை தாண்டாத சைவ வீடு எங்களுடையது. இவர் கிணற்றடிக்குப் பின்னால் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு, இறைச்சி அடைத்த தகரத்தை வெட்டிச் சிரட்டையில் கொட்டினார்.

கண்காட்சி நடந்த முற்றவெளியில் உச்சி வெயில். நடுவராக வந்த வெள்ளைக்காரத் துரை குனிந்து பார்த்த நேரம் நாய்க்கு வயிற்றால் போனது. இவருடைய வெள்ளைக் காற்சட்டை நாசம். நாய் நாக்கைத் தள்ளிக்கொண்டு சரிந்தது. நான் பந்தலிலிருந்து ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்தேன்.

என்ன கொடுத்தீர்கள் என்று துரை கேட்டார். மாட்டிறைச்சி என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி. துரை முகத்தைச் சுளித்தார். இந்த வெயிலுக்குத் தன் நாய்களுக்கு மோரும் சோறும்தான் என்றார்.

மறுநாள் இவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

“இஞ்சாரும், நாய்க்கு மோர்ச்சோறு குழையும். துரை வீட்டிலை அதுதான் குடுக்கிறவை. கவனமாய்ச் செய்யும்.”

குழைத்து வைத்தேன். சுருண்டு கிடந்த நாய் மணம் பிடித்து எழுந்து, இவரை விலத்திக்கொண்டு என்னிடம் வந்து வாலை ஆட்டியது. எங்கள் வீட்டில் நாய்க்காவது தெரிந்திருந்தது, அது யார் வீட்டுச் சோறு என்று.