ஃபாவுக்குப் பக்கத்தில் விழுந்த ஓர் எழுத்து

கெசியா டீச்சருக்கு வாரத்தில் ஐந்து நாள் பத்தாம் வகுப்புக் கணக்கு. ஞாயிறு காலையில் கோயில் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல் வரிசை. ஞாயிறு மதியம் மேலப்பாளையத்தில் ஒரு பஞ்சு மெத்தைக் கிடங்கு. கிடங்கில் அவள் பாடுவதற்குப் பெயர் ஹெவி மெட்டல், டிரம்ஸும் கிடாரும் காதைப் பிளக்கும் மேல்நாட்டுப் பாட்டு. பாளையங்கோட்டையில் அதைச் சொன்னால் பாத்திரக்கடையா, பழைய இரும்பா என்றுதான் கேட்பார்கள். அவளைப் பெற்ற எப்சியே, மகள் ஏதோ எவர்சில்வர் ஏவாரத்தில் கூட்டுச் சேர்ந்திருக்கிறாள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாள், கிடங்கில் யாரோ எடுத்த அந்த வீடியோ வரும்வரை.

வீடியோவில் கெசியா உறுமினாள். முப்பத்தாறு வயது, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மூக்குக் கண்ணாடி, அதற்குள்ளிருந்து வாய்க்காலில் இறங்கிய எருமையின் சத்தம். சபை முழுக்க ஒரே நாளில் வாட்சப்பில் சுற்றி வந்துவிட்டது. கெட்ட நேரம், அந்த வாரம்தான் பாடகர் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டர் பொறுப்பு கேட்டு அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். இருபது வருஷம் இரண்டாம் வரிசையில் நின்று பாடியவளுக்கு, ஒரு கிறிஸ்துமஸுக்காவது முன்னால் நின்று கையசைக்க வேண்டும் என்று ஆசை. அதைவிடப் பெரிய ஆசை அப்போது அவளுக்கு வேறெதுவும் இல்லை.

குறுக்கே நின்றவர் ஞானசிகாமணி சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆண்களின் அடிக்குரலான பேஸ் வரிசையில் மூத்த குரல். பாட்டு விஷயத்தில் சபைக் கமிட்டிக்கு அவர் வைத்ததுதான் சட்டம்.

"தொண்ட இருக்கு, கத்துதா. இதுல சங்கீதம் எங்கன இருக்கு வே? முறையாப் படிச்சவ எவளாவது இப்படிச் செய்வாளா?" என்று கோயில் வாசலிலேயே அவர் சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

கெசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு கிரேடு பியானோ தேர்வு எழுதியவள் அவள். தொண்டை புண்ணாகாமல் வயிற்றிலிருந்து உறுமப் பழக மூன்று வருஷம் ஆயிற்று. ஹாஸ்டல் குளியலறையில் பழகியபோது வார்டன் பயந்துபோய் டாக்டரையே கூட்டி வந்துவிட்டார். கூட டிரம்ஸ் வாசிக்கும் சுஹைல் மொபைல் கடைக்காரன். ஏழும் ஐந்தும் மாறி மாறி வரும் தாளத்தில் இரண்டு கை, இரண்டு கால், நாலையும் நாலு கணக்கில் ஓட்டுவான். தூக்கத்திலும் எண்ணுகிறான் என்று அவன் மனைவி கமர் நிஷாவுக்குக் கவலை. இதையெல்லாம் சும்மா தட்டுகிறார்கள் என்று சொல்லும் பெரியமனிதர்கள், ஒரு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டே மறு கையால் தலையில் தட்டிப் பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.

போதகர் சமாதானமாக ஒரு வழி சொன்னார். ஞானசிகாமணி சாரே அவளைச் சோதித்துவிட்டுச் சொல்லட்டும், கமிட்டி கேட்டுக்கொள்ளும்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் பின்னறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். கமிட்டி பக்கத்து அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தது. சார் ஒரு பழுப்புத் தாளை எடுத்து வைத்தார். சபையின் பெருமையான கிறிஸ்துமஸ் பாட்டு அது. ஆதியில் யாரோ வெள்ளைக்கார மிஷனரி கொடுத்தது என்பதால் ஒரு புள்ளியைக்கூட யாரும் மாற்றத் துணிந்ததில்லை. சுரங்களை டோவுக்கு டி, ஃபாவுக்கு எஃப் என்று ஆங்கில எழுத்துகளாகவே அடித்திருந்தார்கள். பேஸ் வரிசையின் தாளைக் கெசியா அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

"மூணாவது வரி. பாத்துப் பாடு."

அவள் பாடினாள். டோவிலிருந்து தாவுகிற இடத்தில் நிறுத்தினாள்.

"இங்க ஃபா தான சார் வரணும்? எஃப் பக்கத்துல ஒரு இ கெடக்கு. ஃபான்னு இருக்க வேண்டியது அரைச் சுரம் ஏறி ஃபீ ஆயிட்டு."

"மிஷனரி எழுதுனதுலயே குத்தம் கண்டுபிடிக்கியா?"

"அடியில ஒங்க பேரு இருக்கு சார். பிரதி எடுத்தது, ஞானசிகாமணி, எண்பத்து மூணு."

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடி துடைத்தார். ஸ்டென்சில் தாளில் தட்டச்சு அடிக்கையில் அவர் விரல் வழுக்கி விழுந்த ஒற்றை எழுத்து. அதை நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சபையே நெஞ்சு நிமிர்த்திப் பாடிவந்திருக்கிறது.

"டோவுல இருந்து ஃபீக்குத் தாவுறதுக்குப் பழைய காலத்துல பிசாசின் சுரம்னு பேரு சார்," என்றாள் கெசியா. "எங்க மெட்டல் பாட்டுல பாதி இதுதான். நாங்க வேணும்னே போடுதோம். நீங்க தெரியாமப் போட்டுட்டீங்க."

அவர் அந்த இ எழுத்தை விரலால் மறைத்துப் பார்த்தார். அவளுக்கோ நிறுத்த முடியவில்லை.

"சின்னப் பிள்ளையில இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். ஏன்னு தெரியாது. பதினாறு வயசுல மொத மொத மெட்டல் கேட்டப்போ, அட, நம்ம கோயில் பாட்டுல்லா இதுன்னு இருந்துச்சு. அங்கன புடிச்ச கிறுக்குதான். நான் இந்தப் பக்கம் போனதே ஒங்க இந்த எழுத்தாலதான் சார்."

சொன்ன பிறகுதான், கிடைக்க இருந்ததையும் வாயாலேயே கெடுத்துக்கொண்டோம் என்று உறைத்தது. சார் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பைய எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"என்ன சார், சுரம் பாத்துப் பாடுதாளா?" என்று போதகர் கேட்பது கேட்டது.

"பாடுதா. நம்ம ஒருத்தனுக்கும் இல்லாத காது."

"அந்த உறுமல்?"

"அதுவும் படிச்சுத்தான் செய்யுதா."

"யாருகிட்ட படிச்சாளாம்?"

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரிக்கிற சத்தம் கேட்டது. கெசியா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிக்கோங்க," என்றார் ஞானசிகாமணி சார். "எங்கிட்டதான்."