மருதமரத் துறையில் சிவப்புத் துண்டு

ஐப்பசி மழைக்குத் தாமிரபரணியில் வெள்ளம் வந்துவிட்டால் அத்தைக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. அப்பாவின் தங்கை அவள். லாரி டியூபில் உட்கார்ந்து, பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடும் தண்ணீரில் போவதில் ஊரில் எந்த ஆம்பளையும் அவளிடம் நிற்க முடியாது. ஆற்றில் எங்கே இறங்குகிறோம் என்பது பெரிதில்லை, எங்கே ஏறுகிறோம் என்பதுதான் பெரிது என்பாள். பிள்ளையார் துறையில் இறங்கினால் மருதமரத் துறையில் ஏறிவிட வேண்டும். விட்டால் அடுத்த ஊர்தான். வெள்ளத்தில் படிகள் முங்கிக் கரையெல்லாம் ஒன்றுபோல் தெரியும் என்பதால், முங்காத படியில் ஒரு ஆள் சிவப்புத் துண்டைத் தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும். பத்து வயதில் அந்த உத்தியோகம் எனக்கு.

வள்ளியூரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்த அன்று, "தலைக்குக் குளிச்சிட்டு வந்திருதேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அத்தை டியூபோடு போய்விட்டாள். நான் துண்டோடு நின்றேன். என் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினாள், அப்படியே போய்விட்டாள். வந்தவர்கள் அல்வாவும் காப்பியும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, டியூபைத் தோளில் மாட்டியபடி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"எங்க போய்த் தொலைஞ்சே?" என்றார் அப்பா.

"துண்டு கண்ணுல படலண்ணே. இவ ஒழுங்கா நிக்கல."

அடி எனக்கு விழுந்தது. என்னைத் தேடித்தான் கையை ஆட்டியிருக்கிறாள் என்று நம்பினேன். இனி ஒருதரம் அப்படி விடுவதில்லை என்று அழுதுகொண்டே முடிவு செய்தேன்.

கார்த்திகையில் களக்காட்டிலிருந்து வந்தார்கள். அத்தை மறுபடியும் தலைக்குக் குளிக்கக் கிளம்பினாள். நான் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன். படியில் நின்றால் போதாது என்று, தண்ணீருக்குள் இறங்கி இடுப்பளவில் நின்றேன். தண்ணீர் காலை வாரியது. நான் அசையவில்லை.

பாறைகளைத் தாண்டி வந்த அத்தை போன தடவைபோலவே கையை ஆட்டினாள். பிறகுதான் நான் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"ஏட்டி, மேல ஏறு! ஏறுட்டி!"

இரண்டு துண்டையும் இன்னும் உயரத் தூக்கினேன். டியூபை விட்டுக் குதித்து, வெள்ளத்தை வெட்டி நீந்தி வந்து, என் சடையைப் பிடித்துப் படியில் இழுத்துப் போட்டாள். டியூப் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அது மறையும்வரை பார்த்துவிட்டு, "வா, அவுக வந்திருப்பாவ" என்றாள்.

தை மாதம் கல்யாணம். ஒரு துண்டு பிடித்தால் அத்தைக்குத் தெரியாது, இரண்டு பிடித்தால்தான் தெரியும் என்று பந்தலில் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. மாலையும் கழுத்துமாக நின்ற அத்தை, அதைக் கேட்டுவிட்டு, "ஆமாட்டி, ரெண்டு பிடிச்சாத்தான் தெரியுது" என்றாள்.