இடது பக்கம் இழுக்கும் கால்

பக்கவாதத்தில் நைனாவுக்கு வலது கையும் வலது காலும் விழுந்துபோயின. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது தினமும் காலையில் நடக்க வையுங்கள் என்று சொன்னார்கள். எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதை முடிவு செய்தது நான்.

எங்கள் ஏரிக்கரை ஊரில் யாரும் சும்மா நடப்பதில்லை. நடக்கிறவர் தோளில் வலை இருக்கும், இடுப்பில் கூடை இருக்கும், ஒன்றுமில்லையென்றால் கையில் பால் பாக்கெட்டாவது இருக்கும். வெறுங்கையோடு கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி, வெறுங்கையோடு வீட்டுக்கே திரும்பினால் எதையாவது தொலைத்துவிட்டாயா என்றுதான் கேட்பார்கள். அம்மா விடியும் முன்பே மீன் கூடையை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பொன்னேரிச் சந்தைக்குப் போய்விடுவாள். எனக்குக் கம்பெனியில் மதிய ஷிஃப்ட். அதனால் நைனாவை நடத்திக் கூட்டிப்போகிற வேலை மகளான என்னுடையது ஆயிற்று.

வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தண்ணீர்த் தொட்டி. அங்கே பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போனால் தெரு, டீக்கடை, கோயில், கடைசியில் படகுகள் நிற்கிற ரேவு. வலப்பக்கம் போனால் கால்வாய்க் கரை. அதில் போய், உடைந்த மதகுக்குப் பக்கத்தில் திரும்பினால் சவுக்குத் தோப்பு. தோப்பில் பாதியை வெட்டிப் பிளாட் போட்டு, கல்லுக்கெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மீதிப் பாதிக்குள் நுழைந்து வெளியே வந்தால் எங்கள் வீட்டுப் பின்பக்கம். கைகால் நன்றாக இருக்கிறவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம். எங்களுக்கு வெயில் ஏறிவிடும்.

முதல் நாள் நான் அவரைத் தெரு வழியாகத்தான் கூட்டிப்போனேன். என்னை நானே மெச்சிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு நடந்ததைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. ரேவில் நைனாவின் குரலுக்கு மறுகுரல் கிடையாது. காற்று மாறுகிறது என்று இங்கே நின்று கத்தினால் தண்ணீரில் பாதி தூரம் போன படகு திரும்பும். அப்படிப்பட்டவரைப் பார்த்து டீக்கடையில் ஒருவர் எழுந்து நின்று, நல்லா கீறியாண்ணா என்று கேட்டார். அவ்வளவுதான். நைனா வாய் கோணி, எச்சில் ஒழுக, பச்சைக் குழந்தை மாதிரி ஓவென்று அழுதார். லுங்கி நழுவியது. நடுத்தெருவில் குனிந்து நான் அதைக் கட்டிவிட்டேன். கடையில் இருந்த எல்லோரும் அவரவர் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த நோயில் காரணமில்லாமல் அழுகை வரும், சிரிப்பு வரும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். தெரிந்து என்ன பிரயோசனம்? எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. அவருக்காக நான் வெட்கப்படவில்லை. அவரால் எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கு அப்போதே தெரியும்.

அன்று ராத்திரி சோறு போடும்போது அம்மாவிடம், இனிமேல் கால்வாய்ப் பக்கம் போகிறோம் என்றேன். ஏன் என்று கேட்டாள். "தொழிலுக்குப் போறவங்க சகுனம் பாப்பாங்கம்மா. காலங்காத்தால இவர் எதிர்ல வந்தா எதுனா நெனச்சிக்குவாங்க" என்றேன். எங்கள் ஊரில் சகுனம் பார்க்கிறவர்கள் உண்டு. ஆனால் நைனாவைப் பற்றி ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. ஊர்மேல் பழியைப் போட்டால் என்மேல் விழாது என்று நானாகச் சொன்னேன். அம்மா ரசத்தை ஊற்றினாள். நைனா பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பேச்சுத்தான் போயிருந்தது, காது போகவில்லை.

பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. "வா." பசித்தாலும் வா, தண்ணீர் கேட்டாலும் வா, வேண்டாம் என்றாலும் வா. முதலில் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கண்டுபிடிக்க முயன்றோம். பிறகு விட்டுவிட்டோம். அவர் வா என்பார், நான் வரேன் நைனா என்பேன். அதோடு சரி.

கால்வாய்க் கரையில் எங்களை யாரும் பார்க்கவில்லை. சேற்று நண்டுகள் பார்க்கும், உடனே வளைக்குள் போய்விடும். நீர்க்காகம் ஒன்று மதகின்மேல் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டு நிற்கும். தோப்புக்குள் சவுக்கு இலை உதிர்ந்து மெத்தை போட்ட மாதிரி கிடக்கும். அவருடைய வலது பாதம் அதில் வழுக்கும் என்பதால் நான் முன்னால் காலால் தள்ளிக்கொண்டே போவேன். அந்த இடம் எனக்குப் பிடித்துப்போனது என்றுகூடச் சொல்லலாம். தோப்பில் அவர் அழுதால் நான் துண்டால் வாயைத் துடைத்துவிட்டு நிதானமாக நிற்பேன். யாருமில்லாத இடத்தில் நான் ரொம்ப நல்ல மகள்.

தண்ணீர்த் தொட்டி வரும்போது மட்டும் ஒரு தொல்லை இருந்தது. அங்கே வந்ததும் நைனாவின் உடம்பு இடது பக்கம் இழுக்கும். வலது கால் செத்த கால், இடது காலில் வலு இருக்கிறது, அதனால் வலு இருக்கிற பக்கம் உடம்பு சாய்கிறது என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். அவர் வா என்பார். நான் வரேன் நைனா என்று சொல்லிக்கொண்டே, கம்புக்கூட்டில் கை கொடுத்து, பலத்தோடு வலது பக்கம் திருப்புவேன். கரைக்கு வந்துவிட்டால் நேராக நடப்பார். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம், கால் இடது பக்கம் இழுக்கிறது என்றேன். எப்போதுமா, எப்போதாவதா என்று கேட்டார். எப்போதாவது என்றேன். எந்த இடத்தில் என்று அவர் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு நாள், தோப்புக்குள் வெட்டி அடுக்கியிருந்த கழிக் குவியலில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. வலை கட்டுவதற்குச் சவுக்குக் கழி வாங்க வருவார்கள், அதில் ஆச்சரியமில்லை. ஆனால் குவியலுக்குப் பின்னால் ஓர் ஆள் குந்தி உட்கார்ந்திருந்தார். ஒளிந்திருந்தார் என்றே சொல்ல வேண்டும். தலைமுண்டாசு வெளியே தெரிந்தது. நைனாவோடு ஒரே படகில் காலமெல்லாம் போன கூட்டாளி. எனக்குச் சித்தப்பா முறை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் ஒரு நாள்கூட வீட்டுக்கு வரவில்லை. அதை அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

நான் ஊரிடமிருந்து ஒளிந்து இங்கே வருகிறேன், இவர் எங்களிடமிருந்து ஒளிகிறார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "இன்னா சித்தப்பா, கழி எண்றியா?" என்று கேட்டேன். அவர் எழுந்தார். முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். நைனாவை நிமிர்ந்து பார்க்கவில்லை, என்னிடம்தான் பேசினார்.

எங்கள் பக்கம் ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. நல்ல இடங்களை முறை வைத்துத்தான் கொடுப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். வந்த பாட்டை விட்டால் போனது போனதுதான். நைனா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வாரமே அவர்கள் படகுக்குப் பாடு வந்துவிட்டது. அவர் இடத்தில் வேறொருவரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். போகாமல் என்ன செய்வார்கள், நான்கு வீட்டு அடுப்பு எரிய வேண்டும். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

"அண்ணன் மூச்சு இருக்கும்போதே அவர் எடத்துல ஆள ஏத்திட்டோம். அந்தக் கோவத்துலதான் அண்ணன் ரேவுப் பக்கமே வர்றதில்லனு எல்லாம் பேசிக்கினோம். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வூட்டுக்கு வர்றது?" என்றார் சித்தப்பா.

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கோபமெல்லாம் ஒன்றுமில்லை சித்தப்பா, இவரைக் கூட்டிக்கொண்டு உங்கள் முன்னால் வர எனக்குத்தான் கூச்சம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொன்னது வேறு. "லேசா கோவம் இருக்கும் சித்தப்பா. போவப் போவ சரியாயிடும்."

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் பாதிதான் அசைந்தது. அந்தப் பாதி போதும். பிறகு அவர் என் கையிலிருந்து விலகி, இடது கையை நீட்டி, சித்தப்பாவின் சட்டையைப் பிடித்தார். "வா" என்றார்.

அன்றைக்கு அதற்கு அர்த்தம் தேட வேண்டியிருக்கவில்லை. சித்தப்பா சைக்கிளை அப்படியே விட்டுவிட்டார். நைனா அவரை இழுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார். மதகு, கால்வாய்க் கரை, தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்தில் வீட்டுப் பக்கம் போகாமல், தினமும் இழுத்த அந்தத் தெருப் பக்கமே உடம்பு திரும்பியது. அது கால் இழுக்கிற இழுப்பில்லை. ரேவுக்குப் போகிற ஆளின் நடை. இத்தனை நாளும் அவர் வா என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார், நான் வரேன் வரேன் என்று சொல்லி அவரை எதிர்ப்பக்கம் இழுத்துப் போயிருக்கிறேன். வழியில் கழன்ற அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். செருப்பு எடுத்துப்போக ஓர் ஆள் தேவைப்பட்டது நல்லதாகப் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டு வர ஒரு காரணம் இருந்தது.

ரேவில் வலையிலிருந்து மீன் உதறிக்கொண்டிருந்தார்கள். யாரும் சகுனம் பார்க்கவில்லை. நைனா ஓவென்று அழுதார். அழட்டும் என்று விட்டு, அவர் பாட்டுக்கு அழ, இவர்கள் பாட்டுக்கு வேலை பார்த்தார்கள். ஒருவர் நகர்ந்து வலை மேலேயே இடம் கொடுத்தார். அழுது முடித்து, இடது கையால் ஒரு இறாலை எடுத்துப் பார்த்து, வா என்றார். பொடிசுண்ணா, நேத்து நல்லாருந்துச்சு என்று பதில் சொன்னார்கள். அவர்களுக்கு எப்படிப் புரிந்ததோ.

இப்போது சுற்று பெரிதாகிவிட்டது. தெரு வழியாக ரேவு, அங்கே உட்கார்ந்து எழுந்து, பிறகு கால்வாய்க் கரை, தோப்பு, வீடு. சித்தப்பாவிடம் மட்டும் இன்றுவரை நான் சொல்லவில்லை. அண்ணனுக்குக் கோபம் தணிந்துவிட்டது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். சாராயம் குடித்த ஒரு நாள், மன்னிச்சிட்டியாண்ணா என்று காலைப் பிடித்தார். நான் துண்டைத் துவைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

போன வாரம் மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டர் நைனாவை நடக்க வைத்துப் பார்த்தார். "இடது பக்கம் இழுக்குதுன்னு சொன்னீங்களேம்மா, இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். நைனா நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார்.

"நின்னுடுச்சு சார்" என்றேன்.

டாக்டருக்குச் சந்தோஷம். பொண்ணு நல்லா பாத்துக்கறீங்க, நிறைய பேர் இப்படி விடாம நடக்க வைக்கிறதில்ல என்றார். நான் தலையாட்டினேன். காய்ந்திருந்த நைனாவின் வாயைத் துண்டால் துடைத்தேன். அவர் அந்தத் துண்டோடு என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வா" என்றார்.

வீட்டுக்குப் போகலாம் என்றாரா, போதும் விடு என்றாரா, எனக்குத் தெரியவில்லை. அவர் இழுத்த பக்கமே போனேன்.