காலில்லாத பேயின் செருப்பு

நான் பேயாக நடித்தது ஒரே ஒரு படத்தில்தான். படங்கள் பேசாத காலம் அது. கண்டோன்மென்ட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த என் நண்பனுக்கு, ஒரு பேய்ப் படம் எடுத்து ஊரையே நடுங்க வைக்க வேண்டும் என்று ஆசை. பெண் பேயாக நடிக்க எந்தப் பெண்ணும் வரவில்லை. மீசை சரியாக முளைக்காத குமாஸ்தா நான் அகப்பட்டேன். முகத்தில் அரிசி மாவை அப்பி, தன் மனைவியின் வெள்ளைப் புடவையை எனக்குச் சுற்றிவிட்டான்.

அப்போது எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா மில் மேஸ்திரி, பொல்லாத கண்டிப்புக்காரர். பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நான் புடவை கட்டிக் கூத்தடிப்பது தெரிந்தால் சம்பந்தம் அதோடு சரி. அதனால் வாயே திறக்கவில்லை.

விளக்கு வாங்க வழியில்லாததால் எல்லாவற்றையும் பட்டப்பகலில் எடுத்தோம். பிலிமை நீலச் சாயத்தில் முக்கினால் ராத்திரி ஆகிவிடும் என்றான் நண்பன். ஜீவனஹள்ளிக்கு அப்பால் ஒரு பொட்டலில் நாள் முழுக்க மிதந்தேன். முள் குத்தியதால் செருப்பு போட்டுக்கொண்டேன். தரையில் புரண்ட புடவை அதை மறைத்தது. கடைசிக் காட்சியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து மணப்பெண்ணின் கழுத்தைப் பிடிக்க வேண்டும். நுழைந்தேன், பிடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். பிலிம் விற்ற விலையில் எதையும் இரண்டாம் தடவை எடுப்பதில்லை.

படம் திரையிட்ட முதல் நாள் கொட்டகைக்குப் போனால், நடு பெஞ்சில் மேஸ்திரி குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார். கடைசி வரிசையில் பதுங்கினேன்.

திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்பவர், பேய்க்குக் காலே இல்லை பாருங்கள் என்று குரலை நடுங்க வைத்துச் சொன்னார். கொட்டகை மூச்சு விடவில்லை. பேய் வாசலுக்கு வந்தது. நின்றது. இடது செருப்பைக் கழற்றியது, வலது செருப்பைக் கழற்றியது, இரண்டையும் காலாலேயே ஓரமாக ஒதுக்கிவிட்டு உள்ளே போனது. எடுத்தபோது எங்களில் ஒருவருக்கும் இது உறுத்தவில்லை. செருப்போடு உள்ளே போயிருந்தால்தான் உறுத்தியிருக்கும்.

கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. முன்னாலிருந்து நண்பன் எழுந்து என்னைப் பார்த்துக் கத்தினான்.

"அடப்பாவி, பேய் எங்கனா செருப்பு கழட்டுமாடா?"

அத்தனை தலையும் திரும்பியது, மேஸ்திரியின் தலை உட்பட.

சிரிப்புப் படம் என்று பெயர் வாங்கி அது இரண்டு வாரம் ஓடியது. அத்தனை நாளும் நண்பன் என்னோடு பேசவில்லை. எனக்கு அதுவா கவலை? பெண் கைவிட்டுப் போயிற்றே என்று சோறு இறங்காமல் கிடந்தேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் என் அம்மாவிடம் சொன்னார்:

"பேயா வந்தும் உங்க புள்ள செருப்ப வெளிய வுட்டுட்டுத்தாம்மா வூட்டுக்குள்ள போச்சு. அந்த வளர்ப்பு போதும் எனக்கு. நல்ல நாள் பாருங்க."